அறுபது நாள் மிஸ்ஸி

அவருடைய முழுப் பெயரை நான் குறைந்தது நாற்பது தடவையாவது தட்டச்சு செய்திருப்பேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தோட்டம், எல்லாம் பெரிய எழுத்தில். அந்த நாற்பதில் ஒன்றுகூட அவருக்கு நல்லது எதையும் கொண்டுவரவில்லை. அதனால் இங்கேயும் அந்தப் பெயரை எழுதப் போவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டில் அவர் 'மிஸ்ஸி அக்கா'. இந்த நாட்டில் வெள்ளைச் சட்டை போட்ட தாதி யாராக இருந்தாலும் நம் ஆட்களுக்கு மிஸ்ஸிதான். தமிழச்சியும் மிஸ்ஸி, சீனத்தியும் மிஸ்ஸி. தனிப் பெயர் வேண்டும் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஈயம் விழுந்து, ரப்பர் விழுந்து, அரசாங்கம் புதிதாக ஆள் எடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்தி வைத்திருந்த காலம். நான் ஈப்போவிலிருந்து வந்து ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக ஒட்டிக்கொண்டிருந்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்டியின் வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள் வாடகைக்கு இருந்தோம். ஆன்டியின் கணவர் ரயில்வேயில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து இறந்தவர். ஒரு கட்டில், ஒரு ஆள் என்பது ஆன்டியின் சட்டம். போனுக்கு ஒரு குட்டிப் பூட்டு போட்டிருந்தார். வெளியிலிருந்து அழைப்பு வந்தால் பேசலாம், உள்ளேயிருந்து சுழற்ற முடியாது.

மிஸ்ஸி அக்காவுக்கும் ஆன்டிக்கும் தினம் ஒரு சண்டை நடக்கும். சப்பாத்துச் சண்டை. அக்காவிடம் ஒரே ஒரு ஜோடி வெள்ளைச் சப்பாத்துதான் இருந்தது. சாயங்காலம் அதைக் கழுவி, வெள்ளை பூசி, சமையலறை ஜன்னலில் காய வைப்பார்.

"பிள்ளை, குசினி யன்னலிலை சப்பாத்து வைக்கிறதோ? சாப்பிடுற இடமெல்லோ இது."

"காத்து இங்கதான் ஆன்டி அடிக்குது. காயலன்னா நாளைக்கி எப்படிப் போட்டுக்கிட்டுப் போறது?"

"எங்கை போப்போறீர்? நாளைக்கு உமக்கு வேலையோ?"

"தெரியாது ஆன்டி. கூப்பிட்டாங்கன்னா?"

இந்தக் 'கூப்பிட்டாங்கன்னா'தான் அக்கா. அவரை ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். வேலை இருக்கிற நாள், இல்லாத நாள் என்று பேதமே கிடையாது. காலையில் குளித்து, கஞ்சி போட்ட யூனிபார்மை மாட்டி, கொண்டையில் ஒரு முடி வெளியே தெரியாமல் கிளிப் குத்தி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு, போன் பக்கத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பார். சாய்ந்தால் யூனிபார்ம் கசங்கும். காலை ஷிஃப்டுக்கு எந்த மருத்துவமனையிலாவது ஆள் வராவிட்டால் ஏழு மணிக்குள் தெரிந்துவிடும். அங்கிருந்து ஒரு சுற்று போன் போடுவார்கள். எட்டரை வரை பார்ப்பார். அதற்குப் பிறகு எழுந்து உள்ளே போய் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு, பழைய கவுனோடு வந்து எங்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பாத்திரம் கழுவுவார். நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அந்த நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். "வரேன்க்கா" என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். எனக்கு வேலை இருந்தது, அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

அவர் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் உதவித் தாதியாகப் பழகியவர். டாக்டர் கொடுத்த சான்றிதழ் ஒன்று இருந்தது. தோட்டம் கைமாறியதும் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். அதிலிருந்து அவர் 'ரிலிஃப்'. அதாவது யாராவது ஒரு தாதி பிரசவத்துக்கு லீவு போனால் அவளுடைய இடத்தில் போய் நிற்கிற ஆள். தனியார் இடங்களில் பிரசவ லீவு அறுபது நாள். ஆகவே அக்காவின் வேலையும் அறுபது நாள். அறுபத்தோராம் நாள் மறுபடியும் போன் பக்கத்து நாற்காலி.

இப்படி வாழ்கிற ஒருவருக்குக் கண் எங்கே போகும்? தாதிகளோடு பேசும்போது அவர் முதலில் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. இடுப்பைப் பார்ப்பார். கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்போதே என் முழங்கையை இடிப்பார்.

"அதோ, பச்சை சேலை. கிள்ளான்ல ஒரு கிளினிக்ல ஸ்டாஃபு. நாலு மாசம் இருக்கும், பாரேன்."

"அக்கா, சாமியப் பாருங்க."

"சாமியத்தான் பாக்குறேன். யாரு இல்லன்னா?"

கிள்ளான் முதல் பெட்டாலிங் ஜெயா வரைக்கும் எந்த மெட்டர்னிட்டி ஹோமில் எந்தத் தாதிக்கு எத்தனை மாதம் என்று அவருக்கு மனப்பாடம். ஒருத்திக்கு ஜூனில், இன்னொருத்திக்கு இரட்டை மாதிரித் தெரிகிறது, அவள் முன்னாடியே லீவு எடுப்பாள் என்று கணக்காகச் சொல்வார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஒரு நாள் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. அவர் ஆறு மாதமாக எதிர்பார்த்திருந்த ஒரு தாதிக்குக் கரு கலைந்துவிட்டது. சேதி வந்ததும் அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதார். அந்தப் பெண்ணுக்காக அழுகிறாரா, போய்விட்ட அறுபது நாளுக்காக அழுகிறாரா என்று எனக்குள் ஒரு கேள்வி. நல்லவேளை நான் கேட்கவில்லை. அவரே திரும்பிச் சொன்னார்.

"ரெண்டுக்கும்தான் அழுவுறேன். எனக்கு நல்ல கதியே கெடைக்காது பாரு."

அறுபதாவது நாளைப் பற்றி அவர் சொன்னதையும் நான் மறக்கவில்லை. லீவு முடிந்து வருகிறவள் பெரும்பாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வார்டில் எல்லோருக்கும் காட்டுவாளாம். "நானும் வாங்கிக் கொஞ்சுவேன். கொஞ்சிட்டு, இந்தக் கையில புள்ளையக் குடுத்துட்டு, அந்தக் கையில மருந்து அலமாரி சாவியக் குடுத்துட்டு வந்துருவேன்" என்றார். அவர்களுக்கெல்லாம் நெஞ்சில் குத்திக்கொள்ளப் பெயர் பொறித்த தகடு உண்டு. அக்காவுக்கு 'ரிலிஃப்' என்று எழுதிய தகடு கொடுப்பார்கள். அதையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும்.

நிரந்தர வேலை அவருக்கு ஏன் அப்படித் தலைபோகிற காரியமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் அம்மா பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அந்த வருடத்தோடு அம்மாவுக்கு வேலை செய்கிற வயது முடிகிறது. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். தீபாவளி கழிந்ததும் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். தம்பி போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டினான். அவன் இருந்ததே குடோனுக்குப் பின்னால் ஒரு பலகை அறையில், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு. அரசாங்க மருத்துவமனையில் நிரந்தரமாக இடம் கிடைத்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, அம்மாவுக்கு ஒரு கட்டில். அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கட்டில்தான்.

இதற்கு நடுவில் அந்தச் சிவப்பு அட்டை. குடியுரிமை உள்ளவர்களுக்கு அடையாள அட்டை நீலம், அக்காவுடையது சிவப்பு. தோட்டத்து வீட்டில் பிறந்தவர். அப்பா தோட்டத்துக் கிராணியிடம் சொல்லிப் பிறப்பைப் பதியச் சொன்னாராம். கிராணி பதிந்தாரோ இல்லையோ, சூராட் பெரானாக் என்கிற அந்தப் பிறப்புக் காகிதம் மட்டும் கைக்கு வரவே இல்லை. இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே பல பிள்ளைகள் பிறக்கக் கை கொடுத்தவர், காகிதத்தில் வெளியாள். சிவப்பு அட்டைக்காரர்களுக்கு மலாயில் 'பெண்டுடுக் தெத்தாப்' என்று பெயர். நிரந்தரவாசி. 'தெத்தாப்' என்றால் நிரந்தரம், 'செமெந்தாரா' என்றால் தற்காலிகம். வேலைக்கான விண்ணப்பப் பாரங்களிலும் இதே இரண்டு சொற்கள்தான் வரும். இந்த நாட்டில் அவர் இருப்பு தெத்தாப், வேலை செமெந்தாரா.

விண்ணப்பங்களை நான்தான் அலுவலகத்துச் சாப்பாட்டு வேளையில் தட்டித் தருவேன். குடியுரிமை என்ற கட்டத்தில் 'பெண்டுடுக் தெத்தாப்' என்று தட்டித் தட்டி என் விரல்களுக்கே அது பழகிவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் போனேன்.

ஒரு தனியார் மருத்துவமனை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. போய்விட்டு வந்த அக்கா நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"பதினாலு எடம் மாறியிருக்கீங்க, ஏன் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குறீங்கன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நின்னுக்கிட்டுதான் மேடம் இருந்தேன், அவுங்கதான் திரும்ப வந்துட்டாங்கன்னு சொன்னேன். அவுங்களுக்குப் புரியல லா."

அடுத்த விண்ணப்பத்தில் பாதி இடங்களை எடுத்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கு அப்போது ரொம்ப நம்பிக்கை. அக்கா பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "எத எடுக்கச் சொல்ற? எல்லாத்துலயும் வேல செஞ்சிருக்கேன்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பதினான்கையும் தட்டினேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் கிள்ளானில் ஒரு மெட்டர்னிட்டி ஹோமில் ரிலிஃப். நாற்பத்தைந்து நாள் போலப் போயிருந்தது. லீவில் போன தாதி, புருஷனுக்கு ஜொகூருக்கு மாற்றலாகிவிட்டது, இனி வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மேட்ரன் அக்காவைக் கூப்பிட்டு, நீயே இருந்துவிடு, நிரந்தரமாக எழுதிக் கொடுக்கிறேன் என்றார். இத்தனை வருடத்தில் ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அங்கே குவார்ட்டர்ஸ் கிடையாது. அரசாங்க மருத்துவமனை ஒன்றுக்குப் போட்ட விண்ணப்பத்துக்கு அப்போது பதில் வரவேண்டியிருந்தது. அது கிடைத்தால் அம்மாவுக்கு வீடு. இது கிடைத்தால் வேலை மட்டும். அக்கா மேட்ரனிடம் தவணை கேட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சொல், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துவிடுவேன் என்றார் மேட்ரன். அவர் மேலும் தப்பில்லை. அப்போது ஒரு இடத்துக்கு வரிசை கட்டி நின்றார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கடிதம் வந்திருக்கிறது. நான் ஈப்போவுக்குப் போயிருந்தேன். கடிதம் மலாயில். ஆன்டி கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கிலீசெண்டால் வாசிப்பன். இது எனக்கு விளங்காது பிள்ளை" என்று கொடுத்துவிட்டாராம். மற்ற இரண்டு பெண்களும் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். அக்காவுக்குக் கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய் தண்ணீர் மாதிரி வரும். அரசாங்கக் கடிதத்து மலாய் வேறு. ஞாயிறு முழுக்க அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

திங்கட்கிழமை நான் ஊரிலிருந்து நேராக அலுவலகத்துக்குப் போனேன். ஒரு வழக்குக்கு அவசரமாக ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறேன். வழக்கறிஞர் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாக உருவிக்கொண்டிருக்கிறார். போன் வந்தது.

"நான்தான். கிள்ளான்லேருந்து பேசுறேன். மேட்ரன் பக்கத்துல நிக்கிறாங்க. லெட்டர் வந்துருச்சு, எனக்கு வெளங்கல. நீளமா இருக்கு."

வழக்கறிஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 'முழுசாகப் படிங்க அக்கா' என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எனக்கு இல்லை என்று நினைத்தேன்.

"அக்கா, தெத்தாப்னு எங்கயாச்சும் இருக்கா பாருங்க."

காகிதம் சரசரக்கிற சத்தம்.

"இருக்கு. ரெண்டு எடத்துல இருக்கு."

"செமெந்தாரான்னு இருக்கா?"

"இல்ல."

"நல்லாப் பாருங்க."

"இல்லம்மா. எங்கயும் இல்ல."

"அப்ப கெடச்சிருச்சுக்கா. தெத்தாப் போட்டிருந்தா பெர்மனன்ட்தானே. நான் வைக்கிறேன், பாஸ் நிக்கிறாரு."

வைத்துவிட்டேன். சந்தோஷமாகவே இருந்தது எனக்கு. தட்டுகிற வேகம்கூட அன்று அதிகமாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே நெய் வாசனை. மேசை மேல் பெட்டி நிறைய லட்டு. ஆன்டி ஒன்றைத் தின்றுவிட்டு இரண்டாவதைத் தட்டில் வைத்திருந்தார். அக்கா யூனிபார்மோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தை அவ்வளவு இளசாக நான் அதுவரை பார்த்ததில்லை. என் வாயில் ஒரு லட்டைத் திணித்தார்.

"மேட்ரன்கிட்ட சொல்லிட்டேன். எனக்கு வேணாம், கெவர்மென்ட்ல கெடச்சிருச்சுன்னேன். ஒரு சின்னப் பொண்ணு, கோர்ஸ் முடிச்சுட்டு எட்டு மாசமா அலையுது. அதுக்குக் குடுங்கன்னு நானே கேட்டு வாங்கிக் குடுத்தேன். உடனே போன் போட்டு வரச் சொல்லிட்டாங்க, பாவம்."

"லெட்டரக் குடுங்கக்கா, பாப்போம்" என்றேன். எந்த வார்டு, எந்தத் தேதி என்று பார்க்கலாம் என்றுதான் கேட்டேன்.

முதல் வரியிலேயே 'டுக்காச்சித்தா' என்று இருந்தது. வருத்தத்துடன் தெரிவிக்கிறோம் என்று அர்த்தம். அதற்குக் கீழே இரண்டு இடத்தில் தெத்தாப் இருந்தது, அக்கா சொன்னது சரிதான். தாங்கள் பெண்டுடுக் தெத்தாப் என்பதால் தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது. இந்தப் பதவி குடிமக்களுக்கு மட்டும். பெண்டுடுக் தெத்தாப் விண்ணப்பிக்கத் தகுதியில்லை. விண்ணப்பத்தில் நான் என் விரலால் தட்டிய அதே இரண்டு சொற்கள், கடிதத்தில் திரும்பி வந்திருந்தன.

வாயில் இருந்த லட்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். மடிப்பு மாறாமல் மடித்து உறைக்குள் வைத்தார்.

"அக்கா, நான்..."

"தின்னு. வாயில வச்சுக்கிட்டுப் பேசாத."

ஆன்டிக்கு விஷயம் புரிந்ததும் தட்டில் இருந்த லட்டைச் சத்தமில்லாமல் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். அக்கா சப்பாத்தைக் கழற்றி, கழுவி, வெள்ளை பூசினார். அன்றைக்கு ஜன்னலைப் பற்றி ஆன்டி ஒன்றும் சொல்லவில்லை. நான் அறைக்குள் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என் மேல் எனக்கு வந்த வெறுப்பை இன்றைக்கும் என்னால் அப்படியே எடுத்துப் பார்க்க முடியும். ஒரு நிமிடம். ஒரு வரி. அதற்குமேல் எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் அக்கா கிள்ளானுக்குப் போனார். மேட்ரனிடம் கேளுங்கள், காலில் விழுந்தாவது கேளுங்கள் என்று நான்தான் விரட்டினேன். சாயங்காலம் வந்ததும், "என்னக்கா சொன்னாங்க?" என்று வாசலிலேயே கேட்டேன்.

"அந்தப் பொண்ணு முன்னாலேயே வந்து நிக்குது. கையெழுத்துப் போட்டுருச்சு. புது சப்பாத்து வாங்கியிருக்கு, கடிக்குது போல, நொண்டிக்கிட்டு நடக்குது."

"மேட்ரன்கிட்ட கேட்டீங்களா இல்லையா?"

"கேக்கலாம்னுதான் போனேன். அது என்னப் பாத்ததும் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுது. அவுங்கப்பா வேல போயி வீட்ல இருக்காராம். எப்படிக் கேக்க?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. சாவியெல்லாம் எங்க இருக்குன்னு காட்டிட்டு வந்தேன்."

மிச்சமிருந்த பதினைந்து நாளும் அவர் போனார். ஸ்டெரிலைசர் மூடி எந்தப் பக்கம் இறுகும், எந்த டாக்டர் எந்தக் கத்தரி கேட்பார், பிள்ளை மாறிப்போகாமல் கையில் அட்டை எப்படிக் கட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பெண் மேல் ஆத்திரம், மேட்ரன் மேல் ஆத்திரம், கடைசியில் சுற்றிச் சுற்றி என் மேலேயே வந்து நிற்கும். அக்கா என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. அதற்குப் பிறகு விண்ணப்பம் தட்டித் தரச் சொல்லவும் இல்லை. நானாகக் கேட்டால், "இருக்கட்டும், நீ வேலையப் பாரு" என்பார்.

தீபாவளி கழிந்தது. அம்மாவை ஒரு பெட்டியோடும் ஒரு தகர வாளியோடும் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தன் கட்டிலில் அம்மாவைப் படுக்கவைத்து, தான் தரையில் படுத்துக்கொள்வதாக ஆன்டியிடம் கேட்டார். ஆன்டி சட்டத்தை மீறிப் பத்து நாள் விட்டார். பதினோராம் நாள், "நான் என்ன செய்யிறது பிள்ளை, மற்றப் பெட்டையளும் கேட்பினம்" என்றார். தம்பி லோரியோடு வந்து போர்ட் கிள்ளானுக்குக் கூட்டிப் போனான். இத்தனை வருடம் அமைதியான மரங்களுக்கு நடுவில் வாழ்ந்த மனுஷி, கொள்கலன் லோரிகள் விடாமல் போய்வருகிற அந்தச் சாலையோரத்தில் போய் உட்கார்ந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அக்காவும் அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்தார். போகும்போது எங்கள் எல்லோர் கையையும் பிடித்துக்கொண்டார். என் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தாரா என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். தொண்ணூறுகளில். எனக்குக் கல்யாணமாகி, தலைப் பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பே லீவு எடுத்துக்கொண்டு கிள்ளானில் மாமியார் வீட்டில் இருந்தேன். பஸ் நிலையத்தில் வெயிலுக்கு ஒதுங்கி நின்றபோது எதிரே வெள்ளைச் சப்பாத்து. நிமிர்ந்தேன். அவர் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண் என் வயிற்றில் இருந்தது, உதடு மெல்ல அசைந்தது, மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகுதான் முகத்துக்கு வந்தார்.

"நீயா?" என்று சிரித்தார். "சே, நீ டைப்பிஸ்ட்டு லா. எனக்கு ஆவாது."

நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் என்னை ஓரமாக உட்காரவைத்து, கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். தலை நரைத்திருந்தது. அம்மா போர்ட் கிள்ளானுக்குப் போய் இரண்டாவது வருடமே இறந்துவிட்டாராம். கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார்.

"பாத்தியா, நீலம். போன வருஷம்தான் குடுத்தாங்க."

"அப்ப அப்ளை பண்ணலாமே அக்கா. நான் டைப் பண்ணித் தரேன்."

"வயசு போயிருச்சு. கெவர்மென்ட்ல இந்த வயசுக்கு எடுக்க மாட்டாங்க. ரிலிஃப்தான் ஓடுது. இப்ப இங்கதான், முப்பத்தி ரெண்டாவது நாளு."

எத்தனையோ வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னைக்கி அந்த போன்ல நான் அவசரப்படாம முழுசாப் படிக்கச் சொல்லியிருந்தா..."

அவர் அட்டையை உறைக்குள் செருகிக்கொண்டே பேசினார்.

"நீ தெத்தாப் இருக்கான்னு கேட்ட. இருந்துச்சு. அதுக்கு முன்னாடி என்ன வார்த்த இருக்குன்னு நீ கேக்கல. எனக்குத் தெரியும், ஞாயித்துக்கெழமையே அந்தப் பெண்டுடுக்கப் பாத்துட்டேன். என் அட்டைக்கு அவன் வச்ச பேரு எனக்குத் தெரியாதா? படிச்சா நீ வேற மாரி சொல்லிருவ. ஒரு தடவையாச்சும் யாராச்சும் கெடச்சிருச்சுன்னு சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு. அதான் போன்ல படிச்சுக் காட்டல."

குற்றம் என்னுடையது மட்டும் இல்லை என்று தெரிந்தால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. அவர் பஸ் வந்துவிட்டது. எழுந்து யூனிபார்மைத் தட்டி நீவிக்கொண்டார்.

"லீவுல இருக்கியே, உன் எடத்துல யாரு இருக்கா?"

"யாரோ ஒரு டெம்பரரி பொண்ணு அக்கா. நான் கெளம்புன அன்னைக்கிதான் வந்துச்சு."

"பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

"பேரக் கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ்ஸில் ஏறினார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். முதல் மணி முடிவதற்குள் அந்தப் பெண் எடுத்தாள். நான் யார் என்று சொல்லி, உன் பேரு என்னம்மா என்று கேட்டேன். ஏதோ தப்பு செய்துவிட்டவள் மாதிரி, மெதுவாகத் தன் பெயரைச் சொன்னாள்.